சந்தனம் பூசிய ரிலே

எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து லொறியில் விளக்குப் போடக் கையில் ஒரு துணி வேண்டும். சுவிட்ச் அப்படிச் சுடும். வெறும் விரலால் தொட்டவன் மறுபடி தொட மாட்டான். பழைய சாரத்தில் கிழித்த துண்டு ஒன்றை இதற்காகவே ஸ்டியரிங் தண்டில் கட்டி வைத்திருந்தேன். துணியோடு பிடித்துச் சுவிட்சை இழுத்தால் முன்விளக்கு இரண்டும் காய்ச்சலில் கிடந்து எழும்பியவன் கண் மாதிரி மஞ்சளாக விழிக்கும். கொஞ்ச தூரம் போனதும் ரப்பர் கருகுகிற நாற்றம் வரும். பிறகு அந்த மஞ்சளும் போய்விடும்.

விளக்கில்லாமல் என்ன குடி முழுகிவிடும், பகலில்தானே கொழுந்து ஏற்றுகிறார்கள் என்று கேட்பவர்கள் நமுனுகுல மலைச் சரிவில் ஒரு ஐப்பசி மாதம் இருந்து பார்க்க வேண்டும். பதுளை பஸ் ஸ்டாண்டில் சனம் வெயிலுக்குக் குடை பிடித்துக்கொண்டு நிற்கும். அதே நேரம் எங்கள் தோட்டத்தில் பக்கத்தில் நிற்கிறவன் முகம் தெரியாது. பகல் சாப்பாடு முடிந்ததும் மலை உச்சியிலிருந்து பனிமூட்டம் இறங்கும். மேல் டிவிசன் மடுவக் கொட்டகையில் கொழுந்து நிறுத்துச் சாக்கில் கட்டி லொறியில் ஏற்றும் நேரமும் அதுதான். அங்கிருந்து கீழே ஸ்டோருக்கு வரும் பாதை முழுக்க வளைவு. ஒரு பக்கம் மண் சுவர், மறு பக்கம் ஒன்றுமே இல்லை. தேயிலை தயாரிக்கிற தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம்.

விளக்குச் செத்ததும் எங்களிடம் ஒரு வழி இருந்தது. லொறியில் சாக்குத் தூக்குகிற அண்ணன் கீழே குதித்து, ஒரு வெள்ளைச் சாக்கை விரித்து முதுகில் போட்டுக்கொண்டு முன்னால் நடப்பார். அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டு நான் பின்னால் லொறியை நகர்த்துவேன். செத்த வீட்டு ஊர்வலம் கூட அதைவிட வேகமாகப் போகும். சாக்குக்குள் அமுங்கிக் கிடக்கும் பச்சைக் கொழுந்து அதற்குள் சூடேறிவிடும். சூடேறிச் சிவந்த கொழுந்தில் நல்ல தூள் வராது. ஸ்டோரில் தூள் தயாரிப்பைப் பார்க்கிற டீமேக்கர் சாக்குக்குள் கையை விட்டுப் பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்கு அவர் நாலு வார்த்தை திட்டியே இருக்கலாம்.

எழுபதுகளின் தொடக்கம் அது. வெளிநாட்டுச் சாமான் எதுவும் இலங்கைக்குள் வராத காலம். தின்கிற பாணுக்கே விடியமுன் வரிசையில் நிற்க வேண்டும். அப்படியிருக்க, லொறிச் சுவிட்சுக்கு எங்கே போவது? பழசைக் கழற்றிப் பழசைப் போட்டேன். அதுவும் கருகியது. இன்னொரு பழசைப் போட்டேன். அதுவும் கருகியது. எனக்கும் பொறுமை கொஞ்சம் குறைவு. லொறியின் டயரை எட்டி உதைத்துவிட்டு ஒரு கிழமை நொண்டியதை, நாங்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்தில் எல்லோரும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

ஒரு நாள் கொண்டுவந்த கொழுந்து மொத்தமும் சிவந்து போனது. மறுநாள் காலை பெரட்டுக்களத்தில், ஆட்களை வேலைக்குப் பிரிக்கிற அந்த இடத்தில், எல்லோருக்கும் முன்னால், தோட்டத்தை நடத்துகிற துரை என்னைக் கூப்பிட்டார்.

"லொறிய விக்கப்போறேன். டவுன்லருந்து கொன்றாக்ட் லொறி வரும். நீ கவ்வாத்துக்குப் போ."

கவ்வாத்து என்றால் தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுகிற வேலை. கேவலமான வேலை இல்லை. என் அப்பா அதைத்தான் செய்தார், நானும் செய்திருக்கிறேன். ஆனால் கவ்வாத்துக் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சாக்குத் தூக்கி, லொறி கழுவி, டிரைவர்மாரிடம் ஏச்சு வாங்கி, லைசன்ஸ் எடுத்து, லயத்தில் பிறந்தவன் ஒருவன் அந்த சீட்டில் உட்காருவதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அதுவரைக்கும் எங்கள் தோட்டத்தில் டிரைவர் என்றால் டவுன் ஆள்தான். அந்த சீட்டைப் பார்த்துத்தான் எனக்குப் பெண்ணே கொடுத்தார்கள். இதை என் மனைவி நாளுக்கொரு தடவையாவது ஞாபகப்படுத்துவாள்.

"வெளக்க சரி பண்ணிட்டா விக்க மாட்டீங்கதான தொரை?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

"எத்தன தடவ சரி பண்ணுவ?"

"இது கடைசித் தடவ."

துரை தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டார். "ஆயுதபூச முடிஞ்ச மறுநா கொன்றாக்ட் லொறி வருது. ஒரு நாளைக்கு ரெண்டும் ஓடட்டும். எந்த லொறி கொழுந்தச் சூடாக்காமக் கொண்டாருதோ அது ஓடும்."

அன்று சாயங்காலம் எங்கள் லயத்து அறையான காம்பராவுக்குள் நான் நுழைந்ததும் நுழையாததுமாக மனைவி கேட்டாள், "கவ்வாத்துக் கத்திய எடுத்துத் தீட்டி வைக்கவா?" அவள் கொழுந்து எடுக்கிறவள். காலையில் பெரட்டுக்களத்தில் என்ன நடந்ததென்று என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். நான் உட்கார்ந்தேன். அவள் ரொட்டியைத் தட்டில் வைத்து என் பக்கம் தள்ளினாள். "தின்னுட்டுப் படுங்க. ஞாயித்துக்கெழம மொத பஸ்ஸில பதுளைக்குப் போங்க. சுவிட்சு வாங்க இல்ல, ஏன் எரியுதுன்னு கேக்க."

அது எனக்கு உறைத்தது. அதுநாள் வரை நான் யாரிடமும் அப்படிக் கேட்டதே இல்லை. சுவிட்ச் இருக்கிறதா என்று மட்டும்தான் கேட்டிருந்தேன்.

பதுளைக் கடைவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் வாகனங்களுக்கு வயர் வேலை பார்க்கும் முஸ்லிம் ஒருவர் இருந்தார். நாங்கள் நானா என்று கூப்பிடுவோம். பெரிய வயதில்லை, எனக்கு நாலைந்து வருடம் மூத்தவராக இருப்பார். என்னைக் கண்டதும் சிரித்தார்.

"என்ன தம்பி, இன்னொரு சுவிட்சா?"

"சுவிட்சு வேணாம் நானா. அது ஏன் எரியுதுன்னு சொல்லுங்க."

நானா கையிலிருந்த வேலையைக் கீழே வைத்தார். "இத மொதல்லயே கேட்டீக்கலாமே தம்பி. சுவிட்ச்ல ஒரு குத்தமும் இல்ல. பெட்டரியில இருந்து லைட்டுக்குப் போற கரண்ட் முழுக்க அந்தச் சின்ன சுவிட்சுக்குள்ளால போவுது. அதுவும் இத்தனூண்டு பழைய வயர்ல, சுத்தி வளைச்சு. அது தாங்குமா? வாசல்ல நிக்கிற ஆளுட தலையில மூட்டய ஏத்திட்டு, ஏன் விழுந்தாய்னு கேக்குறீங்க."

"அப்ப?"

"வாசல்ல நிக்கிறவன் சைகை மட்டும் காட்டட்டும். மூட்ட தூக்க வேற ஆள் வைங்க. அந்த ஆளுக்குப் பேர்தான் ரிலே."

சாக்குத் தூக்கியவன் நான். எனக்கு உடனே விளங்கியது. பெட்டரியிலிருந்து தடித்த வயர் நேராக ரிலேக்குப் போகும், அங்கிருந்து நேராக விளக்குக்கு. சுவிட்சிலிருந்து வருகிற மெல்லிய கரண்ட் ரிலேயின் கம்பிச் சுருளுக்குப் போனால் அது காந்தமாகி ஒரு தகட்டை இழுக்கும். டக்கென்று இரண்டு முனை சேரும். விளக்கு எரியும். சுவிட்சுக்குப் பாரமே இல்லை. இவ்வளவுதான் விஷயம். இதற்காகவா நான் டயரை உதைத்தேன் என்று இருந்தது.

"ரெண்டு வேணும், டிம்முக்கு ஒண்ணு, பிரைட்டுக்கு ஒண்ணு" என்றார் நானா. "ஆனா எங்கிட்ட இல்ல. பதுளையில எங்கயும் இல்ல. பழைய வண்டியில கழட்டினாத்தான் ஈக்கும். தேடிப் புடிச்சுக் கொண்டாந்தீங்கன்னா நானே தோட்டத்துக்கு வந்து பூட்டித் தாறேன்."

தேடினேன். பதுளையில் ஒரு கராஜ் விடாமல் ஏறி இறங்கினேன். ரிலே என்ற சொல்லையே கேள்விப்படாதவன் ஒருவன், அது ஓட்டப்பந்தயத்தில் ஓடுவதல்லவா என்று கேட்டான். இன்னொருவன், இருக்கிறது, நாளைக்கு வா என்றான். மறுநாள் போனால், நேற்றுத்தான் கொடுத்துவிட்டேன் என்றான். வேலை முடிந்து கொழுந்துச் சாக்கு வாசத்தோடு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய், வெறுங்கையோடு திரும்பி, காம்பராவில் ரொட்டி தின்றுவிட்டுப் படுப்பேன். மனைவி தன் பங்கிலும் ஒரு துண்டு பிய்த்து வைப்பாள். "நீ?" என்றால், "மலையிலயே தின்னுட்டேன்" என்பாள். எனக்கு இருந்த வெறியில் அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

கடைசியில் பண்டாரவளையில் கிடைத்தது. ஒரு கராஜின் பின்பக்கம் வேலியோரமாகக் கார் ஒன்று சக்கரம் இல்லாமல் கிடந்தது. எஞ்சினை எப்போதோ கழற்றிவிட்டார்கள். அந்த இடத்தில் வைக்கோல் போட்டு ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. கோழிக்கு மேலே, சுவர் மாதிரி இருந்த தகட்டில், மூடி இல்லாமல் இரண்டு ரிலேக்கள். நான் கையை நீட்டினேன். கோழி ஒரே கொத்து. கராஜ்காரர் உள்ளே இருந்து சத்தம் போட்டார்.

"கோழிய எழுப்பாத. முட்ட குளுந்து போகும். அது எழும்பித் தீனிக்குப் போகும்போது எடுத்துக்க."

கோழி எழும்புகிற வரைக்கும் காத்திருந்தேன். துரைக்காகக் கூட அவ்வளவு பவ்வியமாக நான் நின்றதில்லை. அது எழும்பிச் சிறகை உதறிக்கொண்டு போனதும் பாய்ந்து, இரண்டு ரிலேயையும் கழற்றிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானா சொன்னபடி பெட்டியைத் தூக்கிக்கொண்டு தோட்டத்து பஸ்ஸில் வந்து இறங்கினார். லயத்துக்கு முன்னால் லொறியை நிறுத்தி வைத்திருந்தேன். ரிலேயின் முனைகளைத் தேய்த்துத் துடைத்துப் பளபளப்பாக்கினோம். பொனட்டைத் திறந்து, உள்ளே டிரைவர் பக்கத்துப் பலகையில் இரண்டையும் ஸ்குரூ போட்டு இறுக்கினார் நானா. தடித்த வயர் இழுத்தோம். பழைய வயரில் கருகிய இடங்களையெல்லாம் வெட்டி எறிந்தோம். எல்லாம் முடிய வெயில் சாய்ந்துவிட்டது.

"இழுங்க தம்பி" என்றார் நானா.

சுவிட்சை இழுத்தேன். ஒன்றுமில்லை. விளக்கும் இல்லை, டக் என்ற சத்தமும் இல்லை. நானா முகம் சுருங்கியது. ஒவ்வொரு வயராகத் தொட்டுப் பார்த்தார். எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. "டவுன்ல எத்தன காருக்குப் பூட்டீக்கிறேன். இப்பிடித்தான் வைச்சேன், எல்லாம் ஓடுச்சே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சும்மா நிற்க முடியாமல், ரிலே பூட்டியிருந்த பலகையை முட்டியால் தட்டினேன். டொக் டொக் என்றது. நானா நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன்.

காருக்கு உடம்பு முழுக்க இரும்பு. எங்கள் லொறிக்கு எஞ்சினும் அடிச்சட்டமும் மட்டும்தான் இரும்பு. மேலே உள்ளதெல்லாம் இங்கே தச்சன் அடித்த பலா மரம். ரிலேயின் உடம்பை இரும்பில் வைத்து இறுக்கினால் கரண்ட் திரும்பிப் போகத் தானாகவே வழி கிடைத்துவிடும். மரத்தில் வைத்தால் எங்கே போகும்? நானா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். ரிலேயின் உடம்பிலிருந்து ஒரு வயரை எடுத்துக் கீழே சட்டத்துக்குக் கொண்டுபோனோம். அந்த இடத்தில் பல வருடத்துத் துருவை நான் வெள்ளை தெரிகிற வரை சுரண்டினேன்.

மறுபடி சுவிட்சை இழுத்தேன். டக்.

எதிர் லயத்துச் சுவர் முழுக்க வெளிச்சம். கொடியில் கிடந்த துணிகளின் நிழல் சுவரில் விழுந்தது. திண்டில் படுத்திருந்த நாய் எழும்பிக் குரைத்தது. லயத்து ஆட்கள் ஒவ்வொருவராக வெளியே வந்து கண்ணை மறைத்துக்கொண்டு பார்த்தார்கள். எனக்கு விளக்கைப் பார்க்கத் தோன்றவில்லை. சுவிட்சின் மேல் வெறும் விரலை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அது குளிர்ந்து கிடந்தது. மனைவியைக் கூப்பிட்டேன். அவள் ஏறி வந்து தொட்டுப் பார்த்தாள். பிறகு ஸ்டியரிங்கில் கட்டியிருந்த சாரத் துண்டை அவிழ்த்து இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கிப் போனாள்.

ரிலேக்கு மூடி இல்லாததால் சைக்கிள் டியூபில் ஒரு துண்டை வெட்டி இரண்டையும் சுற்றி நூலால் கட்டினோம். "தண்ணி படாமப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு நானா கடைசி பஸ்ஸில் போனார்.

ஆயுதபூசை வந்தது. அன்று லொறியைக் கழுவித் துடைத்து வாழைக்கன்று கட்டுவது வழக்கம். எங்கள் லயத்தில் அந்த வருடம் அது என் லொறிக்குச் செய்கிற பூசை என்பதைவிட என் சீட்டுக்குச் செய்கிற பூசையாகத்தான் இருந்தது. எல்லோருக்கும் தெரியும், நாளைக்குக் கொன்றாக்ட் லொறி வருகிறது. சக்கரத்துக்கு, ஸ்டியரிங்குக்கு, முன்விளக்கு இரண்டுக்கும் மனைவி சந்தனமும் குங்குமமும் வைத்தாள். பொனட்டையும் திறக்கச் சொன்னாள். திறந்துவிட்டுக் கற்பூரம் வாங்கக் கடைப் பக்கம் போனேன். திரும்பி வந்தபோது எஞ்சினுக்கும் பொட்டு வைத்து முடித்திருந்தாள். சூடம் காட்டினோம். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம்.

மறுநாள் கொன்றாக்ட் லொறி வந்தது. என் லொறியைவிடப் புதுசு. புதுப் பெயின்ட். அதன் டிரைவர் பதுளைப் பக்கத்துச் சிங்கள ஆள், வெற்றிலை போட்ட வாய், நல்ல சிரிப்பு. என் லொறியின் பலகைக் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது லொறியா, அலுமாரியா?" என்று தமிழிலேயே கேட்டான். எனக்குச் சுருக்கென்றது. என்றாலும் ஆள் பேரில் கோபம் வரவில்லை.

மேல் மடுவத்தில் இரண்டு லொறியிலும் கொழுந்து ஏற்றி முடிப்பதற்குள் மலை மறைந்துவிட்டது. "பாத எனக்குப் பழக்கமில்ல. நீ முன்னுக்குப் போ" என்றான் அவன். போட்டிக்கு வந்தவன் தானாகவே முன்னால் விடுகிறானே என்று எனக்குச் சந்தோஷம். முதல் வளைவு தாண்டியதும் மூட்டம் கண்ணாடியில் வந்து அப்பியது. சுவிட்சை இழுத்தேன்.

டக் என்றது. விளக்கு இல்லை.

தள்ளி இழுத்தேன். டக். இல்லை. காலடியில் இருக்கிற பட்டனை அமுக்கிப் பிரைட்டுக்கு மாற்றினேன். இன்னொரு டக். அதிலும் இல்லை. லொறியை நிறுத்தினேன். சாக்குத் தூக்குகிற அண்ணன் கீழே இறங்கி வெள்ளைச் சாக்கை விரித்தார். அந்த வெள்ளைச் சாக்குக்குப் பின்னால் இன்றைக்கும் நகர்ந்து போனால் அப்படியே நேராகக் கவ்வாத்துக்குத்தான் போக வேண்டும்.

"சாக்க மடிச்சு வைங்கண்ணே" என்றேன். "நான் வெளிச்சத்தோடதான் போவேன்."

பொனட்டைத் திறந்தேன். தூறல் விழுந்துகொண்டிருந்தது. பின்னால் நின்றவன் ஹார்ன் அடித்தான். அடிக்கட்டும். என்னை நானே அதட்டி நிதானமாக யோசித்தேன். டக் என்கிறதென்றால் சுவிட்ச் நல்லாயிருக்கிறது. காந்தம் இழுக்கிறது. பெட்டரி நல்லாயிருக்கிறது, ஹார்ன் காலையிலிருந்து அடிக்கிறது. தடித்த வயர் இரண்டு முனையிலும் இறுக்கமாக இருக்கிறது. அப்படியானால் மிச்சம் இருப்பது ரிலேயில் முனையும் முனையும் சேருகிற இடம் மட்டும்தான். ஆனால் அதுதான் டியூபுக்குள் பத்திரமாக இருக்கிறதே.

நூலைப் பார்த்தேன். நான் போட்ட முடிச்சு இல்லை. பூக்கட்டுகிற முடிச்சு.

டியூபை உருவினேன். இரண்டு ரிலேயிலும் சரியாக முனைகள் சேருகிற இடத்தில், பார்த்துப் பார்த்து வைத்த மாதிரி, தடித்த சந்தனம். அதன் நடுவில் குங்குமம். முதல் நாள் ஈரமாக வைத்தது காய்ந்து கட்டியாகி, முனைகள் ஒன்றையொன்று தொட முடியாமல் அடைத்துக்கொண்டிருந்தது. எனக்கு வந்த கோபத்தில் என் மனைவி மட்டும் எதிரே நின்றிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று இங்கே எழுத முடியாது.

சட்டை நுனியால் துடைத்தேன். மேலே உள்ளது வந்தது, இடுக்கில் உள்ளது வரவில்லை. அதற்குள் பின்னால் இருந்தவன் இறங்கி வந்துவிட்டான். வந்தவன் சத்தம் போடவில்லை. முகம் வெளிறியிருந்தது. தன் லொறியின் முன் சக்கரத்தைக் கையால் காட்டினான். போய்ப் பார்த்தேன். சக்கரத்துக்கும் பள்ளத்துக்கும் இடையில் ஒரு சாண்தான் இருந்தது. அவனிடம் விளக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் டவுன் ரோட்டுக்குப் போடுகிற மாதிரி பிரைட்டில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறான். மூட்டத்தில் அது வெள்ளைச் சுவராக நிற்கும், பாதை ஓரம் தெரியாது. நான் திடீரென்று நிறுத்தியதால் அவனும் நிறுத்தியிருக்கிறான். இன்னும் ஒரு சுற்று உருண்டிருந்தால் அந்தச் சக்கரத்துக்குக் கீழே மண் இருந்திருக்காது.

"நெருப்புப்பெட்டி இருக்கா?" என்று மட்டும் கேட்டேன். கொடுத்தான். அதன் உரசுகிற பக்கத்தைக் கிழித்து மடித்து முனைகளுக்கு நடுவே விட்டு மெதுவாக இழுத்தேன். மஞ்சளாக வந்தது. இன்னொரு தடவை. சிவப்பாக வந்தது. அவன் தன் கோட்டைக் கழற்றி மழை படாமல் எனக்கு மேலே விரித்துப் பிடித்துக்கொண்டான். செம்பு நிறம் தெரிகிற வரை தேய்த்தேன். பிறகு சாக்குத் தூக்குகிற அண்ணனைச் சுவிட்சை இழுக்கச் சொன்னேன்.

டக். முன்னால் இருந்த மண் சுவர் வேர் வேராகத் தெரிந்தது.

"டிம்ல போட்டுட்டு என் பின்னால வா. என் லொறிய விட்டுக் கண்ண எடுக்காத" என்றேன். தலையாட்டினான். ஒவ்வொரு வளைவாக இறங்கினோம். அவன் வெளிச்சம் என் பின்பலகையைப் பிடித்துக்கொண்டே வந்தது.

ஸ்டோர் வாசலில் துரையும் டீமேக்கரும் நின்றார்கள். டீமேக்கர் என் சாக்குக்குள் கையை விட்டார். அவன் சாக்கிலும் விட்டார். "ரெண்டும் குளிர்ச்சி" என்றார். துரை இரண்டு லொறியையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த டிரைவர்தான் வெற்றிலையைத் துப்பிவிட்டு முன்னால் வந்தான். துரையிடம் சிங்களத்தில் பேசினான். எனக்கு விளங்கியது. "இந்த மனிதன் முன்னால் வராவிட்டால் என் லொறி பள்ளத்தில் கிடக்கும், இந்த மாதத்தில் இந்தப் பாதையில் நான் ஓட மாட்டேன், லொறி முதலாளியிடமும் இதையே சொல்வேன்" என்றான். எனக்கு அவனைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. நெருப்புப்பெட்டியைத் திருப்பிக் கொடுத்தேன்.

துரை என் லொறிக்கு முன்னால் வந்து எரிகிற விளக்கைப் பார்த்தார். "நாளைக்கும் நீயே எடு" என்றார். சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வீட்டுக்குப் போகிற வழி முழுக்க மனைவியை ஏசுவதற்கு வார்த்தை சேர்த்துக்கொண்டே போனேன். அவள் அடுப்படியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். நின்றபடியே கொட்டித் தீர்த்தேன். டியூபை யார் அவிழ்க்கச் சொன்னது, கண் தெரியாதா, விளக்குப் போடுகிற இடத்தில் கொண்டுபோய்ச் சந்தனத்தை அப்புவார்களா என்றெல்லாம் கேட்டேன். அவள் ரொட்டியைத் திருப்பிப் போட்டாள்.

"ரப்பருக்கு மேலயா பொட்டு வைக்கிறது? மொகம் தெரிய வேணாமா? அந்த ரெண்டுந்தான நம்மளக் காப்பாத்துது. அதான் அதுக்கு மொதல்ல வச்சேன்." பிறகு நிமிர்ந்து பார்க்காமல் கேட்டாள். "கொழுந்து?"

"சூடாகல."

"சீட்டு?"

"எனக்குத்தான்." வழியில் நடந்ததை, அவன் சக்கரம் நின்ற இடத்தை, துரையிடம் அவன் சொன்னதைச் சொன்னேன்.

"அப்ப நீங்க அந்த எடத்துல நிக்காட்டி அவன் விழுந்திருப்பான். நீங்க நின்னது என் பொட்டால" என்றாள். சேர்த்து வைத்த வார்த்தையெல்லாம் எங்கோ போய்விட்டது. அவள் சுட்ட ரொட்டியை என் தட்டில் வைத்தாள். வழக்கம் போல இன்னொன்றையும் பிய்த்து வைக்கப் போனவள் கையை நிறுத்திக்கொண்டாள். எனக்கு முன்னால் உட்கார்ந்து, அதைத் தன் வாயில் வைத்தாள். வேகமாகத் தின்றாள். அப்படி அவள் தின்று நான் பார்த்ததில்லை.

"மலையில திங்கலியா?" என்று கேட்டேன்.

"நவராத்திரி முழுக்க ஒரு வேளதான். சீட்டு நெலைக்கணும்னு நேந்துக்கிட்டேன்" என்றாள். "அதுக்கு முந்தி மாவு பத்தல, அதான்."

பாண் இல்லாத காலத்தில், மா இல்லாத காலத்தில், அவள் பங்கையும் தின்றுவிட்டு நான் பதுளைக்கும் பண்டாரவளைக்கும் அலைந்திருக்கிறேன். என் தட்டில் இருந்ததை அவள் தட்டில் வைத்தேன். வேண்டாம் என்று சொல்லாமல் எடுத்துக்கொண்டாள். அவள் தின்று முடிக்கிற வரை அடுப்பை நான் பார்த்துக்கொண்டேன்.

"பொட்டு வைக்கிறத நிறுத்த மாட்டேன்" என்றாள் கடைசியில். "நீங்க மூடி போடுங்க."

மறுநாள் காலை பால் டின் ஒன்றை வெட்டித் தட்டி, இரண்டு ரிலேக்கும் சேர்த்து ஒரு மூடி செய்து பலகையில் பூட்டினேன். பெரட்டுக்குப் போகிற அவசரத்தில் கூடையும் முதுகுமாக வந்தவள் நின்றாள். உள்ளே போய்ச் சந்தனக் கிண்ணத்தை எடுத்து வந்து, அந்த டின்னின் மேல் ஒரு பொட்டு வைத்துவிட்டு மலைக்குப் போனாள்.